கொரிய சமுதாயத்தில் அந்நியரும் தலைவணங்கும் மரியாதையும்

கொரியக் குடியரசில் வாழும் வெளிநாட்டாரின் தொகை 2023ஆம் ஆண்டின் இறுதியில் 25 இலட்சத்தைக் கடந்து, அந்நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐவர் என்ற அளவை நெருங்கிவிட்டது. ஒரே இனம், ஒரே மொழி என்ற எண்ணத்திலே நெடுங்காலம் ஊறி வளர்ந்த ஒரு தேசத்திற்கு இது சாதாரண மாறுதல் அன்று. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் வழியே இலங்கை, நேபாளம், வியட்நாம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். திருமண உறவால் வந்த பெண்களும், பல்கலைக்கழகங்களை நாடி வந்த மாணவரும் ஆராய்ச்சியாளரும், ஆங்கிலம் கற்பிக்க வந்த ஆசிரியரும் அவர்களோடு கூடுகிறார்கள். இவர்களுக்காக 2008இல் பன்முகப் பண்பாட்டுக் குடும்பங்களின் ஆதரவுச் சட்டமும், 2009இல் மொழியையும் நாட்டு வழக்கங்களையும் கற்பிக்கும் சமூக ஒருங்கிணைப்புத் திட்டமும் ஏற்பட்டன. இவ்விதம் வந்து தங்கியவர்கள் கொரியரைப்போலத் தலைவணங்கி மரியாதை செய்ய வேண்டுமா என்ற கேள்வி, பார்வைக்குச் சிறியதாயினும், ஒரு சமுதாயத்தில் புதியவனுடைய ஸ்தானம் யாது என்ற பெரிய விஷயத்தைத் தன்னுள் அடக்கியிருக்கிறது.

இந்த விவாதத்தில் ஈடுபடுவோர் பலர் கொரியருடைய வணக்கம் யாவும் ஒரே தன்மையது என்று கொண்டு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில், நின்றபடியே இடுப்பளவில் வளைந்து செய்யும் வணக்கம் ஒன்று. மண்டியிட்டு, இரு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி அக்கைகளை நெருங்குமளவுக்குக் குனிந்து செய்யும் 'ஜொல்' என்னும் வணக்கம் மற்றொன்று. எந்த வணக்கம், யாருக்கு, யாருடைய விருப்பத்தின்பேரில் என்ற மூன்றையும் பிரித்துப் பாராமல் இக்கேள்விக்கு விடை காண முயல்வது வீண் என்பது என் அபிப்பிராயம்.

நின்றபடி செய்யும் வணக்கம் அன்றாட வாழ்வினின்றும் பிரிக்க முடியாதது. மின்தூக்கியில் எதிர்ப்படும் அடுத்த வீட்டுக்காரருக்குத் தலை சற்றே தாழும். அலுவலகத்தில் மேலதிகாரியைக் காணும்போது முதுகும் சேர்ந்து வளையும். மன்னிப்புக் கோருகையில் அவ்வளைவு இன்னும் ஆழமாகி, நிமிர்வதற்குச் சிறிது தாமதமும் ஆகும். மழலையர் பள்ளியிலேயே குழந்தைகள் இரு கைகளையும் தொப்புளின்மேல் வைத்துக்கொண்டு குனிய, 'பெக்கொப் இன்ஸா' என்ற பெயரில் அது அவர்களுக்குப் பழக்கப்படுத்தப்படுகிறது. குனியும்போது பார்வையும் தாழ வேண்டும். எதிரே நிற்பவரின் முகத்தை உற்றுநோக்கியபடியே குனிவது மரியாதையாகாது. கைகுலுக்கும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்து கலந்த பின்னருங்கூட, இளையவர் தம் வலக்கையை நீட்டும்போது இடக்கையால் அதைத் தாங்கிக்கொண்டு தலையையும் சிறிது தாழ்த்துகிறார். ஆக, வந்த வழக்கம் இருந்த வழக்கத்திற்குப் பணிந்து அதனுள் இடம்பெற்றுவிட்டது. பேஸ்பால் ஆட்டத்தில், எறிந்த பந்து தவறி எதிர்க்கட்சி ஆட்டக்காரர்மேல் பட்டுவிட்டால், எறிந்தவர் தொப்பியைக் கழற்றித் தலைவணங்குவது அங்கே வழக்கம். அமெரிக்காவில் அவ்வழக்கம் இல்லை. ஆயினும், 1998 முதல் கொரியக் குழுக்களில் இடம்பெற்றுவரும் அந்நிய ஆட்டக்காரர்கள் பலர் அதைக் கற்றுக்கொண்டு, இயல்பாகவே செய்துவருகிறார்கள்; அதனால் அவர்களுடைய கௌரவம் குறைந்ததாக எவரும் கருதவில்லை, மைதானத்தில் எழவிருந்த கோபம் தணிந்ததுதான் பலன்.

கொரிய மொழியைச் சிறிதேனும் பயின்றவர்கள் இதன் காரணத்தை எளிதில் அறிவார்கள். அம்மொழியில் வினைமுற்றின் விகுதியே கேட்பவரின் வயதையும் தகுதியையும் கருதி மாறுகின்றது. யாரிடம் பேசுகிறோம் என்று நிச்சயித்துக்கொள்ளாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க இயலாது. நாவினால் அவ்வாறு செய்வதையே உடலினால் செய்வது இந்த வணக்கம். மரியாதை விகுதியைப் பிழையின்றி உச்சரித்துவிட்டுக் கழுத்தை மட்டும் நிமிர்த்தியே வைத்திருப்பவன், பாதி வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தியவன் ஆகிறான். ஒரு நாட்டில் நிலையாக வாழப் புகுந்தவன் அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லையென்றால், நின்றபடி செய்யும் இவ்வணக்கத்தையும் அவன் கற்க வேண்டும் என்பதிலும் வேற்றுமை இருக்க நியாயம் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கொரியர்களே அந்நியரிடம் இதை எதிர்பார்ப்பதில்லை, அவர்களே கையை நீட்டிக் குலுக்குகிறார்கள், ஆகவே நமக்கு ஏன் இந்தச் சிரமம் என்று அங்கே வசிக்கும் மேனாட்டார் சிலர் கேட்கிறார்கள். இதிலே உண்மையில்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் பில் கேட்ஸ், அப்போதைய ஜனாதிபதி பார்க் கியுன்-ஹேயைச் சந்தித்தபொழுது, இடக்கையைக் காற்சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு கைகுலுக்கிய படம் கொரியப் பத்திரிகைகளில் பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அக்கண்டனத்தின் மையமாய் இருந்தது பையிலிருந்த அந்தக் கையே. அவர் குனியவில்லை என்பதன்று. விருந்தினரிடத்தில் அலட்சியம் கூடாது என்று எதிர்பார்த்தார்களேயன்றித் தங்கள் ஆசாரத்தையே கைக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆனால், விருந்தினருக்கு அளிக்கும் சலுகையைக் குடியிருக்க வந்தவன் நிரந்தரமாக ஏற்றுக்கொள்வது நல்லதா என்று ஆலோசிக்க வேண்டும். நாலு நாள் தங்கிப் போகிறவனுக்குச் சலுகை அன்பின் அடையாளம். பத்து ஆண்டுகள் வாழ்ந்த பின்னரும் அது தொடருமாயின், அதுவே அவனைச் சுற்றி எழுந்த வேலியாகிவிடும். 'பாவம், அவருக்கு நம் வழக்கம் தெரியாது' என்று ஒருவரைப்பற்றி ஓயாமல் சொல்லுகிற சமுதாயம், அவரைத் தன்னில் ஒருவராக இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. மேலும், இச்சலுகை எல்லா அந்நியருக்கும் ஒரே அளவில் கிடைக்கக்கூடியதும் அன்று. பணக்கார நாட்டிலிருந்து வந்த ஆசிரியர் தலைவணங்காவிட்டால் அது அவர் நாட்டு வழக்கம் என்று விட்டுவிடுவதும், ஏழை நாட்டிலிருந்து வந்த தொழிலாளி வணங்காவிட்டால் அதைத் திமிர் என்று கொள்வதும் மனித சுபாவத்தில் எளிதாக நேர்ந்துவிடும் அநீதி. அந்த அநீதிக்கு ஆளாகக்கூடியவனுக்கு வணக்கத்தைக் கற்றுக்கொள்வது ஒரு பாதுகாப்புமாகும். அவன் அதைச் செய்தபின், எதிரே நிற்பவர் பதிலுக்குத் தலையசைக்கவும் ஒரு சொல் சொல்லவும் கடமைப்பட்டவர் ஆகிறார். கொரிய மரியாதை ஒருவழிப் பாதையன்று, வணங்கியவரைக் காணாதவர்போலச் செல்லும் மூத்தவர் அங்கே மதிப்பிழக்கிறார்.

கற்றுக்கொள்வதிலும் சில நுட்பங்கள் உள்ளன. நம்மவர்களுக்குக் கைகூப்புவது கை தானாகவே செய்யும் காரியம். ஆனால் கொரியாவில் கூப்பிய கரம் பௌத்தரின் அடையாளம். இலங்கையிலிருந்தோ தமிழகத்திலிருந்தோ போன ஒருவர், கிறிஸ்தவராகிய ஒரு மேற்பார்வையாளரைக் கைகூப்பி வணங்கினால், அவர் தவறாக எண்ணமாட்டார் என்றாலும், அதை மத சம்பந்தமான ஒரு குறிப்பாகவே கொள்ளக்கூடும். கைகளை உடலை ஒட்டியோ, வயிற்றுக்கு முன் ஒன்றன்மேல் ஒன்றாகவோ வைத்துக்கொண்டு குனிவதே அங்குள்ள முறை. இன்னொரு வகையான தவறு, ஆர்வமிகுதியால் எல்லாரையும் ஒரே ஆழத்தில் வணங்குவது. கடைச் சிப்பந்திக்கும் தம்மைவிட இளைய மாணவனுக்கும் இடுப்பை ஒடித்து வணங்கினால், வணங்கப்பட்டவர்தாம் சங்கடத்துக்குள்ளாவார். அளவறிதல் இம்மரியாதையின் உயிர்நிலை.

தரையில் விழுந்து செய்யும் 'ஜொல்' என்பதற்கு வந்தால், நாம் வேறோர் உலகத்தில் பிரவேசிக்கிறோம். 1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோஸன் வம்சத்தார் கன்பூசிய நெறியையே அரச நெறியாகக் கொண்டபடியால், குடும்பத்தின் ஒவ்வொரு சடங்கிலும் இவ்வணக்கம் நுணுக்கமாக வகுக்கப்பட்டது. 'ஸொல்லால்' எனப்படும் சந்திரமானப் புத்தாண்டின் காலையில் இளையோர் பாட்டன் பாட்டியருக்கும் பெற்றோருக்கும் 'செபே' என்னும் வணக்கத்தைச் செய்கிறார்கள். பெரியோர் வாழ்த்துரை கூறிக் குழந்தைகளுக்குப் பணமும் கொடுக்கிறார்கள். உயிரோடிருப்பவருக்கு ஒரு வணக்கம், இறந்தவருக்கு இரண்டு, புத்தர் சந்நிதியில் மூன்று, ஜோஸன் அரசர்களின் திருப்பெயர்ப் பலகைகள் வைக்கப்பெற்ற ஜொங்மியோ ஆலயத்துச் சடங்கில் நான்கு. ஆடவர் இடக்கையை மேலாக வைத்துக் கைசேர்க்க, பெண்டிர் வலக்கையை மேலாக வைப்பர். துக்க வீட்டில் மட்டும் இருவருக்கும் இது மாறிவிடும். உயிரோடிருக்கும் பெரியவரை இருமுறை விழுந்து வணங்குவது, அவரை இறந்தவராக எண்ணியதற்கு ஒப்பாகிவிடும் என்பதை அறியாமல், பக்தியின் மிகுதியால் ஒருவர் அப்படிச் செய்தால் வீட்டார் திடுக்கிடுவார்கள். இவ்வளவு நுட்பமான ஒரு சாஸ்திரம், தெருவில் சந்திக்கும் அந்நியனுக்காக ஏற்பட்டதன்று. உறவு, துக்கம், வழிபாடு என்ற மூன்று வாசல்களின் வழியாகவே ஒருவன் அதற்குள் நுழைய முடியும்.

அவ்வாசல்களில் ஒன்றின் வழியாக விருப்பத்தோடு நுழைகிறவர்கள் இருக்கவே இருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டித் தொடங்கிய ஆலயத் தங்கல் ஏற்பாட்டில், நூற்றெட்டு முறை விழுந்தெழும் பயிற்சியைப் பிற நாட்டாரும் பிற மதத்தாரும் மேற்கொள்கிறார்கள். 1993இல் மறைந்த சொங்சொல் என்னும் பௌத்தத் துறவி, தம்மைத் தரிசிக்க வருகிறவர் யாராயினும், முதலில் புத்தர் முன் 3,000 முறை வணங்கிவிட்டு வர வேண்டும் என்று விதித்திருந்தார். செல்வரும் அதிகாரமுள்ளவரும் அவ்விதிக்கு விலக்குப் பெறவில்லை. தன்னை நோக்கிய வணக்கத்தைக் கேட்காமல், வருகிறவனுடைய அகந்தை கரையும்பொருட்டு அவ்வணக்கத்தைக் கேட்ட ஒருவரை இங்கே நாம் காண்கிறோம்.

விரும்பாதவரை விழச் செய்வது எத்தகைய காரியம் என்பதைக் கொரியர்களைவிட நன்கு உணர்ந்த ஜனங்கள் குறைவு. 1637ஆம் ஆண்டு சாம்ஜொந்தோ என்ற ஆற்றுத்துறையிலே ஜோஸன் அரசர் இன்ஜோ, படையெடுத்து வந்த மஞ்சூ சக்கரவர்த்தியின் முன் மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை தாழ்த்த நேர்ந்தது. அதைக் குறித்து நாட்டப்பட்ட கல் இன்றும் சியோல் நகரில் நிற்கிறது. அடுத்து வந்தது மனச்சாட்சியின் வழக்கு. முன்னோர் வழிபாட்டைத் தடைசெய்து 1742இல் போப் பதினான்காம் பெனெடிக்ட் பிறப்பித்த ஆணை, 1790இல் பீக்கிங் மேற்றிராணியார் வாயிலாகக் கொரியக் கத்தோலிக்கருக்கு எட்டியது. மறு ஆண்டே, யுன் ஜி-சுங் என்ற பிரபு குலத்தவர் முன்னோரின் பெயர்ப் பலகைகளை எரித்து, தாயாரின் மரணத்திலும் வழக்கமான சடங்கைச் செய்யாதொழிந்தார். அவரும் அவருடைய உறவினர் க்வொன் சாங்-யொன் என்பவரும் ஜொஞ்சு நகரில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். 1939இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அத்தடையைத் தளர்த்தினார். இறந்தோரை வணங்குவது குடும்ப மரியாதையே என்று கத்தோலிக்கர் இன்று செய்கிறார்கள். 2014இல் போப் பிரான்சிஸ் சியோலுக்கே வந்து யுன் ஜி-சுங்குக்கும் 123 தோழர்களுக்கும் முத்திப்பேறு வழங்கினார். தடை நீங்கியதற்காக, தடையின் காலத்தில் உயிர்கொடுத்தவரைத் திருச்சபை மறந்துவிடவில்லை.

ஜப்பானியர் ஆட்சியில் இந்தப் பிரச்சினை இன்னும் கொடிய வடிவம் கொண்டது. ஷிந்தோ ஆலயங்களின் முன் எல்லாரும் தலைவணங்க வேண்டும் என்று அரசாங்கம் நிர்ப்பந்தித்தபோது, இது மத வழிபாடன்று, குடிமக்களின் தேசிய மரியாதையே என்று அது வாதித்தது. பியோங்யாங்கில் சூங்சில் கல்லூரியின் தலைவராயிருந்த ஜார்ஜ் மக்கூன் என்ற அமெரிக்கப் பாதிரியார் இணங்க மறுத்து, 1936இல் பதவியிழந்து நாட்டை விட்டு வெளியேறினார். கல்லூரியும் 1938இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் பிரஸ்பிட்டேரியன் பொதுச் சபை நிர்ப்பந்தத்திற்கு உட்பட்டு இணங்கிவிட, இணங்காத போதகர் ஜூ கி-சொல் 1944இல் சிறையில் உயிர்நீத்தார். கொரியாவில் வாழ்ந்த ஓர் அந்நியர் வணங்க மறுத்த செயலைக் கொரியக் கிறிஸ்தவர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள் என்பது நம் கேள்விக்கு மிக அருகில் நிற்கும் செய்தி. வெறும் மரியாதைதானே என்ற வாதம் சில சமயம் மெய்யாகவும் சில சமயம் அடக்குமுறையின் போர்வையாகவும் இருக்கக்கூடும். எது என்பதை, மறுப்பதற்கு இடம் உண்டா என்பதைக் கொண்டே அறியலாம்.

இவ்வளவு துன்பத்தின் பின் கொரிய சமுதாயம் அமைதியான ஒரு சமரசத்திற்கு வந்திருக்கிறது. துக்க வீட்டில் இறந்தவரின் படத்தின் முன் இருமுறை விழுந்து வணங்கி, பின் முதன்மைத் துக்கக்காரரை ஒருமுறை வணங்குவது பொது வழக்கம். புரோட்டஸ்டண்டு மதத்தினர் பலர் வெண்சாமந்தி மலரைச் சமர்ப்பித்து, நின்றபடி மௌனமாகப் பிரார்த்திக்கிறார்கள். இரண்டையும் ஒரே கூடத்தில் காணலாம். அவரவர் முறை என்று யாவரும் ஒப்புக்கொள்கிறார்கள். இறைவனுக்கன்றிப் பிறருக்கு நெற்றி தாழ்த்தலாகாது என்ற கொள்கையுடைய இந்தோனேசிய, உஸ்பெக், வங்காள முஸ்லிம்களுக்கு இதே வழி திறந்திருக்கிறது. கொரியருக்குக் கொரியர் அளிக்கும் உரிமையை அந்நியருக்கு மறுப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

இந்த உரிமை மிகவும் அவசியமாக இருந்தும், கிடைப்பதற்கு அரிதாயிருப்பது மணமாகி வந்த பெண்களுக்குத்தான். வியட்நாமிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்த மருமகள், மொழி கைவரும் முன்னரே 'ஜேஸா' என்னும் முன்னோர் படையலுக்குச் சமைக்கவும், தான் பார்த்தறியாத பெரியோரை வணங்கவும் வேண்டியவள் ஆகிறாள். தொழிலாளிக்கு மாலையில் தன் அறை உண்டு. மாணவனுக்கு ஊர் திரும்பும் நாள் உண்டு. அவளுக்கு அந்த வீடே உலகம். வியட்நாமியருக்கு முன்னோர் வழிபாடு பழக்கமானதாகையால் அவளுக்கு அது எளிதாகவும் ஆறுதலாகவும் இருக்கக்கூடும். கத்தோலிக்கப் பிலிப்பினோப் பெண்ணுக்கும் மேற்கூறிய 1939இன் தளர்வு துணைசெய்கிறது. ஆனால் அவளுடைய தாய்தந்தையர் நினைவு நாளில் அவளோடு சேர்ந்து தலைவணங்கக் கணவன் வீட்டார் முன்வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதுவே நியாயத்தின் அளவுகோல் என்பேன். கன்பூசிய மரபின் தலைமைப் பீடமாகிய சொங்க்யூன்க்வானே 2022இல், இலையுதிர்காலப் பண்டிகையின் படையலை ஒன்பது பண்டங்களுக்குள் எளிமையாக அமைக்கலாம், எண்ணெய்ப் பலகாரங்கள் கட்டாயமில்லை என்று அறிவித்தது. மரபைக் காக்கும் பீடமே இவ்வளவு இளகியிருக்கும்போது, ஒரு குடும்பம் மருமகளிடத்தில் கடுமை காட்டுவதற்கு மரபைச் சாக்காகச் சொல்ல முடியாது.

தொழிற்சாலையின் நிலை வேறு. அதிகாரமுடையவர் கீழுள்ளவரை அவமதிக்கும் போக்கைக் கொரியர் 'காப்ஜில்' என்று பெயரிட்டே கண்டிக்கிறார்கள். 2014இல் ஒரு விமானத்தில், கொட்டைப் பருப்பைப் பரிமாறிய விதம் சரியில்லை என்று சிப்பந்திகள் மண்டியிட வைக்கப்பட்ட செய்தி, தேசம் முழுவதையும் கொதிக்கச் செய்தது. 2019ஆம் ஆண்டு ஜூலையில், பணியிடத்தில் துன்புறுத்தலைத் தடைசெய்யும் விதி தொழிற்சட்டத்தில் சேர்ந்தது. ஆனால் ஐவருக்குக் குறைவானவர் வேலைசெய்யும் இடங்களை அது தொடவில்லை, அந்நியத் தொழிலாளரோ பண்ணைகளிலும் சிறு பட்டறைகளிலும் நிறைந்திருக்கிறார்கள். வேலை அனுமதித் திட்டத்தில் வந்தவர் எஜமானரை நினைத்தபோது மாற்றிக்கொள்ளவும் முடியாது. விலகிச் செல்ல உரிமையற்றவன் வளையும்போது, அவன் மரியாதையினால் வளைகிறானா, அச்சத்தினால் வளைகிறானா என்று அவனை வளையச் செய்தவருக்கே தெரியாது. 2002இல் கொரியக் கால்பந்துக் குழுவை உலகப் போட்டியில் நான்காம் இடத்திற்குக் கொண்டுவந்த ஹாலந்துக்காரர் குஸ் ஹிடிங்க், மைதானத்தில் மூத்தவர் இளையவர் என்ற மரியாதைச் சொற்களை விலக்கிவைத்து ஆடச் சொன்னார். கொரியரும் ஏற்றுக்கொண்டு அதைப் புகழ்ந்தார்கள். தேவையான இடத்தில் இவ்வழக்கத்தைச் சிறிது தள்ளிவைத்தால் கொரியத்தன்மை அழிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு அதுவே விடை.

ஆகையால், சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தின் வகுப்புகளில் வணங்கும் முறையைக் கற்பிக்கும்போது, எத்தனை பாகை குனிவது என்பதோடு நில்லாமல், துக்க வீட்டில் மலர் வைத்து நிற்கலாம் என்பதையும், சமய நம்பிக்கையினால் விழுந்து வணங்க இயலாதவர் அதை எந்தச் சொற்களால் பணிவாகத் தெரிவிக்கலாம் என்பதையும், மண்டியிடச் சொல்லும் மேற்பார்வையாளர்மீது எங்கே முறையிடலாம் என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். மேற்பார்வையாளர்களுக்கும் அதைப்போன்ற வகுப்பு அவசியம். காலையில் பட்டறை வாயிலில் தலைவணங்கி நிற்கும் இலங்கைத் தொழிலாளிக்கு, அவன் பெயரைச் சொல்லிப் பதில் வணக்கம் செய்வது அதன் முதற் பாடமாக இருக்கட்டும்.